தடை போட்டது சர்க்கார் அல்ல!

‘காஷிராம் கொத்வால்’ நாடகக் குழு சொல்லும் பாடம்

பேஷ்வாக்கள் புனேவை ஆண்ட காலத்துக் கதையைச் சொல்லி நிகழ்கால அரசியலைச் சீண்டிய மராத்தி நாடகம் இது. எழுதியவர் பத்திரிகையாளர். இயக்கியவரும் முக்கிய வேடத்தில் நின்றவரும் டாக்டர்கள். மேடையேறிய சில மாதங்களிலேயே நாடகத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதன் பிறகு இந்தக் கூட்டணி எடுத்த முடிவுதான் இந்திய நாடக வரலாற்றில் முக்கியமான திருப்பம்.

மேடையில் திரைச்சீலை கிடையாது. வேட்டி கட்டிய ஆண்கள் வரிசையாகத் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். கணபதியைத் துதித்துப் பாடுகிறார்கள். பாட்டுக்கேற்ப வரிசை மொத்தமும் இடமும் வலமுமாக அசைகிறது. அவர்கள்தான் திரை. வரிசை விலகினால் காட்சி தெரியும், சேர்ந்தால் மறையும்.

அந்த வரிசையிலிருந்து ஒருவர் மெல்ல நழுவுகிறார். கதைசொல்லியான சூத்திரதாரி அவரை மடக்கி, ராத்திரி நேரத்தில் எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார். கோயிலுக்கு, கீர்த்தனை கேட்க என்று பக்தியாகப் பதில் வருகிறது. ஆனால், கால்கள் போவது பாவன்கணிக்கு. அது நாட்டியப் பெண்கள் வாழும் தெரு. ஒருவர் பின் ஒருவராக வரிசையில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போகிறார்கள். பின்னணியில் கீர்த்தனை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தாளம் மாறுகிறது, லாவணி தொடங்குகிறது. எந்த இடத்தில் பக்தி முடிந்தது, எந்த இடத்தில் சிங்காரம் ஆரம்பித்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அரங்கம் சிரிக்கிறது. சிலருக்குச் சுருக்கென்று தைக்கிறது.

1972 டிசம்பர் 16. புனே, பரத் நாட்டிய மந்திர். விஜய் டெண்டுல்கர் எழுதிய ‘காஷிராம் கொத்வால்’ முதல்முறையாக மேடையேறிய நாள் அது. சென்னையின் கொத்தவால் சாவடிக்குப் பெயர் கொடுத்த அதே பதவிதான் இந்தக் கொத்வால்: நகரத்தின் காவல் தலைவர்.

ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் இந்த நாடகம் ஓயவில்லை. 2025-இல் நடிகர் சஞ்சய் மிஸ்ரா, பேஷ்வாவின் மந்திரி நானா பட்னாவிஸாக நடிக்க, இந்தியில் புதிதாக மேடைக்கு வந்திருக்கிறது. நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் டெண்டுல்கரின் பேனாவைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். எழுத்தை உயிரோடு காப்பாற்றிய குழுவின் கதை அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

கதை என்ன?

கன்னோஜிலிருந்து பிழைப்புத் தேடிப் புனேவுக்கு வருகிறான் காஷிராம் என்ற ஏழைப் பிராமணன். நாட்டியக்காரி வீட்டில் எடுபிடி வேலை. அங்கே வரும் நானா பட்னாவிஸுக்குக் காலில் அடிபட, காஷிராம் குனிந்து தாங்குகிறான். நானா மகிழ்ந்து ஒரு மாலையைக் கொடுக்கிறார். அவர் போனதும் அந்த மாலை அடித்துப் பிடுங்கப்படுகிறது. அடுத்து, தட்சிணை வாங்கப் போன இடத்தில் செய்யாத திருட்டுக்குப் பழி. உதைத்துச் சிறையில் தள்ளி, ஊரை விட்டே துரத்துகிறார்கள். இந்த ஊரைப் பன்றிகளின் ராஜ்ஜியமாக்கிக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டுவிட்டுப் போகிறான்.

திரும்பி வரும்போது அவன் கையில் இருக்கும் ஒரே முதலீடு, சொந்த மகள் லலிதா கௌரி. அவளை நானாவின் ஆசைக்கு இணங்க விட்டு, பதிலுக்குக் கொத்வால் பதவியை வாங்குகிறான். அதன்பின் புனேவில் ராத்திரி வெளியே வர அனுமதிச் சீட்டு வேண்டும். சந்தேகப்பட்டவர்கள் கையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டை. தான் பட்ட அவமானத்துக்கு வட்டியும் முதலுமாக வசூலிக்கிறான்.

மகள் கர்ப்பமாகி இறக்கிறாள். நானா வேறு சின்னப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறார். தோட்டத்தில் பழம் பறித்த தெலுங்குப் பிராமணர்களைக் காஷிராம் சின்ன அறையில் அடைத்து வைக்க, அவர்கள் மூச்சுத் திணறிச் சாகிறார்கள். ஊர் திரண்டு வருகிறது. நானா யோசிக்கவே இல்லை. காஷிராமை ஊர் கையில் ஒப்படைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறார். கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். பீடை ஒழிந்தது என்று நானாவே அறிவித்து, கொண்டாட்டத்துக்கும் உத்தரவிடுகிறார். ஏவியவர் அப்படியே இருக்கிறார். ஏவல் செய்தவன் மட்டும் போய்ச் சேர்ந்தான்.

பெட்டிச் செய்தி: நிஜ காஷிராம்

• சவாய் மாதவராவ் பேஷ்வா காலத்தில் புனேவின் கொத்வாலாக இருந்தவர் காஷிராம் சாவள்தாஸ். பதவிக் காலம் 1777 முதல் 1791 வரை.
• தென்னாட்டிலிருந்து வந்திருந்த தெலுங்குப் பிராமணர்கள் காவலில் மூச்சுத் திணறி இறந்ததும், கோபத்தில் திரண்ட கூட்டம் காஷிராமைக் கல்லால் அடித்துக் கொன்றதும் 1791-இல் நடந்தவை.
• நானா பட்னாவிஸ் (1742–1800) பேஷ்வா அரசின் மந்திரி. மராட்டியக் கூட்டாட்சியைக் கட்டிக் காத்த ராஜதந்திரி என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பவர்.
• காஷிராமைப் பற்றி 1863-லேயே மோரோபா கான்ஹோபா மராத்தியில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.
• டெண்டுல்கர் இந்தக் கருவை எடுத்துக்கொண்டாரே தவிர, தான் எழுதியது சரித்திர நாடகம் அல்ல என்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

எழுதியவர் 44, நடித்தவர் 25

1972-இல் டெண்டுல்கருக்கு வயது 44. பம்பாய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்து, ‘சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே’ நாடகத்தால் நாடெங்கும் அறியப்பட்டிருந்தார். கதை கையில் இருந்தது. அதைச் சொல்லும் வடிவம்தான் அகப்படவில்லை. கொங்கணப் பகுதியின் நாட்டார் ஆட்டங்களில் பாட்டுக்காரர்கள் வரிசை கட்டி நிற்கும் முறை அவருக்கு வழிகாட்டியது. மனிதச் சுவர் அப்படித்தான் பிறந்தது. அந்தச் சுவர் ஒரு நேரம் திரை. ஒரு நேரம் தெருக்கூட்டம். ஒரு நேரம் கீர்த்தனை கேட்கும் சபை. கடைசியில் கல்லெறியும் கும்பல். சூத்திரதாரியோ நம்ம ஊர்த் தெருக்கூத்தின் கட்டியங்காரன் மாதிரி கதைக்குள்ளும் வெளியிலும் நடமாடுகிறார். கேள்வி கேட்கிறார், கேலி செய்கிறார்.

இயக்குநர் ஜப்பார் பட்டேலுக்கு 30 வயது. பண்டர்பூர்க்காரர். புனே பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் படித்த குழந்தைகள் நல மருத்துவர். நானா பட்னாவிஸாக நடித்த மோகன் ஆகாஷேவுக்கு 25. அதே கல்லூரி, மனநல மருத்துவம். இயக்கத்தில் உதவிய சதீஷ் ஆலேகருக்கு 23. அதே கல்லூரியில் உயிர்வேதியியல். பகலில் நோயாளிகளும் ஆய்வுக்கூடமும், சாயங்காலம் ஒத்திகை என்று ஓடியவர்கள் இவர்கள். இவர்கள் இருந்த குழுவின் பெயர் புரோகிரசிவ் டிரமாட்டிக் அசோசியேஷன். பால்பா கேல்கர் முன்னின்று வளர்த்த, புனேவில் மதிப்புள்ள அமெச்சூர் அமைப்பு.

இசை பாஸ்கர் சந்தாவர்கர். ரவிசங்கரிடம் சிதார் கற்றவர், புனே திரைப்படக் கல்லூரியில் இசை சொல்லிக்கொடுத்தவர். கீர்த்தனை, அபங்கம், லாவணி, கயால் என்று மராட்டியக் காது அறிந்த எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்தார். நடன அமைப்பு கிருஷ்ணதேவ் முள்குந்த். காஷிராமாக ரமேஷ் டிலேகர்.

இந்த நாடகத்தை வாசித்தால் சிறியது. பக்கம் பக்கமாக வசனம் கிடையாது. பார்வையாளரை ஆட்டிப் படைத்தது பாட்டும் தாளமும் நடையும்தான். நானா மேடைக்கு வருவதே ஒரு நடன அடியாக இருக்கும். ஆகாஷே அந்த வேடத்தை வில்லனாக நடிக்கவில்லை. கிண்டலும் கவர்ச்சியும் உள்ள பெரிய மனிதராக நடித்தார். பார்வையாளர்கள் அவரை ரசித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் ஒரு சின்னப் பெண்ணைத் துரத்துகிறார் என்பது உறைக்கும். எழுத்தாளர் நினைத்ததை இசையமைப்பாளரும் நடிகரும் நடன அமைப்பாளரும் சேர்ந்து பார்வையாளரின் உடம்பில் ஏற்றினார்கள்.

புனே ஏன் கொதித்தது?

கோபப்பட்டவர்கள் தரப்பில் மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன. மராட்டியர்கள் போற்றும் ஒரு ராஜதந்திரியைப் பெண்பித்தராகக் காட்டுகிறார்கள் என்பது முதலாவது. புனேப் பிராமண சமூகத்தையே பாசாங்குக் கூட்டமாகச் சித்திரிக்கிறார்கள் என்பது இரண்டாவது. சரித்திரம் இல்லை என்று சொல்லிவிட்டு, சரித்திர மனிதர்களின் நிஜப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது மூன்றாவது.

மூன்றாவது கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. கற்பனை என்றால் கற்பனைப் பெயர் வைத்திருக்கலாமே என்று கேட்பவருக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். குழுவின் பதில் இதுதான்: இது நானாவைப் பற்றிய நாடகம் அல்ல, பதவியில் இருப்பவர்கள் தங்கள் தேவைக்கு ஒரு முரடனை வளர்த்து, தேவை முடிந்ததும் கைகழுவும் முறையைப் பற்றியது. அது எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் நடக்கும். பிராமணர்களுக்கு எதிரானது என்ற புகாரைப் பொறுத்தவரை, எழுதிய டெண்டுல்கரே பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

ஆனால், 1972-இல் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டை மட்டும் பார்க்கவில்லை. 1966-இல் பம்பாயில் சிவசேனை பிறந்தது. மில் தொழிற்சங்கங்களில் வேரூன்றியிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க, முதல்வர் வசந்தராவ் நாயக்கின் காங்கிரஸ் ஆட்சி சேனையைக் கண்டும் காணாமல் வளரவிட்டது என்ற பேச்சு பரவலாக இருந்தது. ‘வசந்த சேனை’ என்ற கிண்டல் பெயர்கூட உண்டு. 1970-இல் கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. கிருஷ்ண தேசாய் கொல்லப்பட்டார். இந்தப் பின்னணியில் மேடையில் நானா காஷிராமுக்குப் பதவி கொடுத்தபோது, பார்வையாளர்கள் தங்கள் காலத்துப் பெயர்களைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். நாடகத்தில் சிவசேனை என்ற சொல்லே கிடையாது. அது தேவைப்படவும் இல்லை.

மராத்தி மேடைக்கு இந்த உத்தி புதிதும் அல்ல. கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர் எழுதிய ‘கீசகவதம்’ 1907-இல் மேடையேறியபோது, மகாபாரதத்துக் கீசகனில் மக்கள் வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபுவைப் பார்த்தார்கள். 1910-இல் ஆங்கிலேய அரசு அதற்குத் தடை விதித்தது.

19 காட்சிகள்... அப்புறம் பூட்டு

‘காஷிராம் கொத்வால்’ 19 காட்சிகள் நடந்தது. பிறகு நிறுத்தப்பட்டது. உத்தரவு அரசின் தலைமைச் செயலகத்திலிருந்து வரவில்லை, போலீஸிடமிருந்தும் வரவில்லை. நாடகத்தைத் தயாரித்த புரோகிரசிவ் டிரமாட்டிக் அசோசியேஷனின் தலைமையே இனி இதைப் போட வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதாவது, தடை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

இதற்கும் சர்க்கார் தடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள அதே 1972-இன் இன்னொரு சம்பவத்தைப் பார்க்கலாம். டெண்டுல்கரின் ‘சகாராம் பைண்டர்’ நாடகத்துக்கு மகாராஷ்டிரத் தணிக்கை வாரியம் முட்டுக்கட்டை போட்டது. இயக்குநர் கமலாகர் சாரங் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்; ஜெயித்தார். சர்க்கார் மறித்தால் கோர்ட் இருக்கிறது. சட்டப் பிரிவைக் காட்டி வாதாடலாம், தீர்ப்பு வாங்கலாம். சொந்தச் சங்கத்தின் செயற்குழு, நம் பெயர் கெடும், ஊரில் பகை வரும், இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னால் எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது? நாடகத்தின் பெயரும் கணக்கும் சங்கத்தினுடையது. நடிகர்களுடையது உழைப்பு மட்டும்.

இந்த இடத்தில் இரண்டே வழி. அடங்கிப் போவது, அல்லது வெளியேறுவது. இளைஞர்கள் வெளியேறினார்கள். 1973 மார்ச் 27 அன்று ‘தியேட்டர் அகாடமி’ என்ற புதிய அமைப்பைப் புனேவில் தொடங்கினார்கள். ஜப்பார் பட்டேல், ஆகாஷே, ஆலேகர் எல்லோரும் அதில். 1974 ஜனவரியில் ‘காஷிராம் கொத்வால்’ மறுபடியும் மேடைக்கு வந்தது. இயக்குநர், இசை, நானா, எதுவும் மாறவில்லை. மாறியது தயாரிப்பாளர் பெயர் மட்டும்.

இதை வெறும் பிடிவாதம் என்று நினைத்தால் தப்பு. அமெச்சூர் குழுவை விட்டு வெளியே வருவது என்றால் ஒத்திகை பார்க்கும் இடம், செட், உடைகள், அரங்கத்து முன்பணம், பழைய நட்பு எல்லாவற்றையும் விட்டு வருவது. அத்தனை பேர் பாடி ஆடும் நாடகத்தில் பாதிப் பேர் தயங்கியிருந்தால் மனிதச் சுவரே நின்றிருக்காது. எழுத்தாளர் தனியாகக் கோபப்படலாம். தனியாக நாடகம் போட முடியாது. குழுவாக வெளியேறியதால்தான் நாடகம் பிழைத்தது.

பெட்டிச் செய்தி: நீலத்தைச் சிவப்பாக நினைத்துக்கொள்ளுங்கள்!

டெண்டுல்கரின் ‘கிதாடே’ (கழுகுகள்) 1970-இல் ஸ்ரீராம் லாகூ இயக்கத்தில் மேடையேறியது. கருக்கலைந்த பெண்ணின் புடவையில் சிவப்புக் கறை தெரியக் கூடாது என்று தணிக்கை வாரியம் சொன்னது. குழு கறையை நீலமாக்கியது. நாடகம் தொடங்குமுன், நீலக் கறை தெரியும், அதைச் சிவப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று பார்வையாளர்களுக்கு அறிவித்தது. தணிக்கை மறைக்க நினைத்ததை, தணிக்கையின் பெயராலேயே எல்லோரும் கவனித்தார்கள்.

பெர்லின் போவதற்குள்...

1980-இல் ஐரோப்பாவிலிருந்து அழைப்பு வந்தது. மேற்கு பெர்லின் உட்படப் பல நகரங்களில் காட்சிகள். உள்ளூரில் ஓரளவு அடங்கியிருந்த எதிர்ப்பு மறுபடி கிளம்பியது. நம் வீட்டு அசிங்கத்தை வெளிநாட்டில் போய்க் காட்டுவதா என்று சிவசேனையும் மற்ற அமைப்புகளும் கொடி பிடித்தன. நாடகத்தின் பேசுபொருள் என்று பலர் சொல்லிவந்த அமைப்பே நாடகத்தை எதிர்த்து நின்றதைக் குழுவினர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் ஒரு சமரசம். வெளிநாட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், இது சரித்திரம் அல்ல, நானா பட்னாவிஸ் பெரிய ராஜதந்திரி என்ற அறிவிப்பை வாசிக்க வேண்டும். பெர்லினில் அதை ஜெர்மன் மொழியில் வாசித்தார்கள். நானா யாரென்றே கேள்விப்படாத ஜெர்மன்காரர்கள் அவருடைய பெருமையை முதலில் கேட்டுவிட்டு, பிறகு நாடகம் பார்த்தார்கள்.

அறிவிப்பு முடிவானாலும் பயணம் சுலபமாக இல்லை. வழியில் மறிப்பார்கள் என்ற பயம் இருந்தது. எதிர்ப்பாளர்கள் கண்ணில் படாமல் குழு விமானம் ஏற மகாராஷ்டிர அரசியல் தலைவர் சரத் பவார் உதவினார் என்பதை ஆகாஷே உள்ளிட்டோர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அரசியல்வாதிகளைச் சாடும் நாடகம், ஓர் அரசியல்வாதியின் தயவில் வெளிநாடு போனது! இதில் முரண் இருக்கிறது. ஆனால், பொது வாழ்வில் ஒரு கலைக்குழுவுக்கு நண்பர்களும் வேண்டும் என்ற நடைமுறை உண்மையும் இருக்கிறது.

பிரிந்தவர்கள் என்ன சாதித்தார்கள்?

ஒரு நாடகத்தைக் காப்பாற்றத் தொடங்கிய தியேட்டர் அகாடமி அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீண்டிருக்காது.

1974-லேயே சதீஷ் ஆலேகர் எழுதி இயக்கிய ‘மகாநிர்வாண்’ அங்கிருந்து வந்தது. செத்துப்போன மனிதர் தன் சவச்சடங்கைத் தானே பார்க்கும் கறுப்பு நகைச்சுவை; இன்றும் மராத்தியின் முக்கிய நாடகங்களில் ஒன்று. 1978-இல் மராத்தி எழுத்தாளர் பு.ல.தேஷ்பாண்டே, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தைத் தழுவி எழுதிய ‘தீன் பைசாச்சா தமாஷா’வை ஜப்பார் பட்டேல் இயக்கினார். ஆலேகர் பின்னாளில் புனே பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையான லலித் கலா கேந்திராவுக்குத் தலைமை ஏற்று, ஒரு தலைமுறை நாடகக்காரர்களை உருவாக்கினார்.

ஆகாஷே மனநல மருத்துவத்தையும் விடவில்லை, நடிப்பையும் விடவில்லை. புனேவில் மகாராஷ்டிர மனநல நிறுவனம் அமையக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர். பெர்லினின் ‘கிரிப்ஸ்’ சிறுவர் நாடக இயக்கத்தை எண்பதுகளில் புனேவுக்குக் கொண்டுவந்தார். திரைப்படக் கல்லூரியின் இயக்குநராகவும் இருந்தார். எந்தப் பெர்லினுக்குப் போகக் கூடாது என்று மறித்தார்களோ, அந்த ஊரோடு ஏற்பட்ட உறவு புனேக் குழந்தைகளுக்கு ஒரு நாடக இயக்கமாகத் திரும்பி வந்தது.

ஜப்பார் பட்டேலும் டெண்டுல்கரும் சினிமாவிலும் கைகோத்தார்கள். சர்க்கரை ஆலை அரசியலைச் சொன்ன ‘சாம்னா’ (1975), வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணைப் பற்றிய ‘உம்பர்டா’ (1982) இரண்டுக்கும் திரைக்கதை டெண்டுல்கர். மம்மூட்டி நடித்த ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ படத்தை இயக்கியவர் என்றால் தமிழ் வாசகர்களுக்கு ஜப்பார் பட்டேலைச் சட்டென்று அடையாளம் தெரியும்.

பெட்டிச் செய்தி: தமிழ் சினிமாவோடு ஒரு தொடர்பு

• ‘காஷிராம் கொத்வால்’ 1976-இல் திரைப்படமானது. புனே திரைப்படக் கல்லூரியில் படித்த இளைஞர்கள் ‘யுக்த்’ என்ற கூட்டுறவு அமைப்பாகச் சேர்ந்து எடுத்தார்கள்.
• இயக்கம் ஒருவர் அல்ல, நால்வர்: கே.ஹரிஹரன், மணி கௌல், கமல் ஸ்வரூப், சயீத் மிர்சா. திரைக்கதை டெண்டுல்கர்.
• ஹரிஹரன் பின்னாளில் தமிழில் ‘ஏழாவது மனிதன்’ (1982) எடுத்தவர்.
• நானாவாக ஆகாஷே. காஷிராமாக நடித்த ஓம் புரிக்கு இதுதான் முதல் படம்.

பாராட்டு மட்டும் இல்லை

இந்த நாடகத்தின் மேல் எழுந்த நியாயமான விமர்சனங்களையும் சொல்ல வேண்டும். பெண் பாத்திரங்கள் மிகவும் மெலிந்தவை. கதை முழுவதும் லலிதா கௌரியின் உடம்பை வைத்துத்தான் பேரம் நடக்கிறது. ஆனால், அவள் என்ன நினைத்தாள் என்று நாடகம் கேட்பதே இல்லை. அப்பனும் நானாவும் பேசுகிறார்கள், அவள் சாகிறாள். பெண்களை அதிகாரம் எப்படிப் பண்டமாக்குகிறது என்பதைக் காட்டத்தான் அப்படி எழுதினார் என்று வாதாடலாம். ஆனாலும், காட்டுவதற்கும் அதே தவற்றைத் தானும் செய்வதற்கும் இடையே கோடு மெல்லியது.

பாட்டும் ஆட்டமும் இவ்வளவு இனிமையாக இருந்தால் அரசியல் கரைந்துபோகாதா என்பது இன்னொரு கேள்வி. நாடகம் புகழ் பெறப் பெற, அதைக் கண்ணுக்கு விருந்தாக மட்டும் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. ஐரோப்பாவில் அதை இந்திய நாட்டார் கலையின் அற்புதமாகக் கொண்டாடியபோது, பம்பாய் அரசியல் பின்னால் போனது. இது குழுவின் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால், வெற்றியும் ஒரு நாடகத்தின் பல்லைப் பிடுங்கும் என்பது நிஜம்.

நம் மேடையில் என்ன நிலைமை?

மராட்டியக் கதை நமக்கெதற்கு என்று கேட்க முடியாது. பிரிட்டிஷாரின் 1876 நாடகச் சட்டம் போதாதென்று, சென்னை மாநிலம் 1954-இல் தனியாக ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகத்தை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்று நாடக உலகில் இன்றும் பேச்சு உண்டு. நாடகப் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

அந்தச் சூழலிலும் அரசியல் மேடையேறியது. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ 1968-இல் வந்தது. ‘காஷிராம் கொத்வால்’ வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, சரித்திரப் பெயரை வைத்துக்கொண்டு சமகால அரசியலைக் கிழித்த நாடகம். கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980-இல் வந்தது; தண்ணீருக்காக ஏங்கும் கிராமத்தை வைத்து அரசின் அலட்சியத்தைச் சொன்னது. அடுத்த ஆண்டே கே.பாலசந்தர் அதைப் படமாக்கினார். ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி, 1954 சட்டத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2013-இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று தீர்ப்பு வந்தது.

சட்டத்தோடு தகராறு அப்படி ஒரு முடிவுக்கு வந்தது. ஆனால், காஷிராம் குழு சந்தித்தது சட்டத்தை அல்ல. அரங்கம் கொடுப்பவரின் தயக்கம், நன்கொடை தருபவரின் முகச்சுளிப்பு, நம்ம ஆட்களே சொல்லும் ‘இப்ப வேண்டாமே’. இவற்றைச் செல்லாது என்று அறிவிக்க எந்த நீதிபதியாலும் முடியாது. பதிவேட்டில் தடை என்று எதுவும் இருக்காது, நாடகமும் இருக்காது.

ஆகவே, அரசியல் நாடகம் போட நினைக்கும் குழுக்களுக்குப் புனே சொல்லிக்கொடுப்பது மூன்று. பிரதி எழுதும்போதே, பிரச்சினை வந்தால் யார் யார் கூட நிற்பார்கள் என்று பேசி முடித்துவிடுங்கள். நாடகத்தின் உரிமை யார் கையில் என்பதை முதல் ஒத்திகைக்கு முன்பே எழுதி வையுங்கள். எதிர்ப்பவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்; சரித்திரப் பெயரைத் தொட்டால் ஏன் தொட்டோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். டெண்டுல்கர் குழுவிடம் முதலாவது இருந்தது, மூன்றாவது இருந்தது. இரண்டாவது இல்லாததால்தான் புதிதாக ஓர் அமைப்பையே கட்ட வேண்டியிருந்தது.

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் ஊரில் அரசியல் பேசும் நாடகம் நடந்தால் டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள். பிடித்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் வெளியே வந்து தாராளமாகத் திட்டுங்கள், எழுதுங்கள், பதில் நாடகம் போடுங்கள். அதெல்லாம் உங்கள் உரிமை. நடக்கவே கூடாது என்று சொல்வது மட்டும் உங்கள் உரிமை அல்ல.